சேதமடைந்த மூட்டில் உராய்வையும் மசகையும் அளப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகத் திறந்த மூட்டிலிருந்து ஒரு சிறு குருத்தெலும்புத் துண்டை வெட்டி எடுங்கள். நனைந்த கண்ணாடியின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, விரலால் லேசாக அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும், பிடித்து நிறுத்துவதே சிரமம். இப்போது அதே துண்டின் மேல் ஒரு எடையை ஏற்றி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு தள்ளுங்கள். நகர அடம்பிடிக்கும். துண்டு அதேதான், கண்ணாடி அதேதான், நீரும் அதேதான். சுமையின் கீழ் கழிந்த நேரம்தான் மாறியது.

மூட்டு உராய்வை அளக்கத் தொடங்கும் எவரும் முதலில் இந்தச் சோதனையைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பேன். ஏனென்றால் பெரும்பாலானோர் ஓர் எண்ணைத் தேடித்தான் வருகிறார்கள்: நல்ல மூட்டுக்கு இவ்வளவு, கெட்ட மூட்டுக்கு இவ்வளவு. அப்படி ஓர் எண் கிடையாது. குருத்தெலும்பின் உராய்வு நேரத்தோடு ஏறும் ஒரு வளைவு. மூட்டில் எது கெட்டிருக்கிறது என்பதை அந்த வளைவின் வடிவம்தான் சொல்லும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வளைவை நம்பகமாக வரைந்து, பிரித்துப் படிப்பதைப் பற்றியது.

முதலில்: மூட்டு வழுக்குவதற்கு மூன்று காரணங்கள்

சறுக்க வைக்கத் தேவையான விசையை அழுத்தும் சுமையால் வகுத்தால் வருவது உராய்வுக் குணகம். ஆரோக்கியமான மூட்டில் அது 0.001 முதல் 0.03 வரை இருக்கும். மெருகேற்றிய எஃகின் மேல் டெஃப்லான் சறுக்குவதைவிடவும் குறைவு இது. இது எப்படிச் சாத்தியம் என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எண்ணெய்ப் படலக் கோட்பாட்டை வெளியிட்டார். 1932-இல் மெக்கொனெய்ல் அதை மூட்டுக்குப் பொருத்திப் பார்த்தார். 1959-இல் மெக்கட்சன் வேறொன்றைச் சொன்னார்: குருத்தெலும்பு ஒரு பஞ்சு, அழுத்தும்போது உள்ளிருக்கும் நீரே அழுத்தம் பெற்றுச் சுமையைத் தாங்குகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளே வழவழப்பைத் தருகின்றன என்றார். இன்று திரும்பிப் பார்த்தால், ஒவ்வொருவரும் ஒரு பகுதியைச் சரியாகப் பிடித்திருந்தார்கள் என்று தெரிகிறது.

நம் வேலைக்கு இதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, உள்நீரின் அழுத்தம். குருத்தெலும்பின் எடையில் 60 முதல் 80 சதவீதம் வரை நீர்தான். இரண்டு, மேற்பரப்பு மூலக்கூறுகள்: லூப்ரிசின் என்னும் புரதம், ஹயலுரானிக் அமிலம் என்னும் நீண்ட சங்கிலிச் சர்க்கரை, பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புகள். மூன்று, வடிவம்: பரப்பு எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது, தொடும் இடம் எப்படி நகர்கிறது என்பது.

முதல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அது தோராயமானதுதான், ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

ஒரு கணத்தின் உராய்வுக் குணகம் = சமநிலைக் குணகம் × (1 − நீர் தாங்கும் சுமையின் பங்கு)

நீர் அழுத்தமெல்லாம் வடிந்து, திடப்பகுதி மட்டும் சுமை தாங்கும்போது கிடைப்பதுதான் சமநிலைக் குணகம். உப்புநீரில் அது சுமார் 0.25 என்று வையுங்கள். சுமையில் 95 சதவீதத்தை நீர் தாங்கினால், உராய்வு 0.25 × 0.05, அதாவது 0.0125. பரப்பில் வெடிப்பு விழுந்து நீர் 80 சதவீதம் மட்டுமே தாங்கினால், உராய்வு 0.05. மேற்பரப்பு மூலக்கூறுகளில் எந்த மாற்றமும் இல்லாமலே நான்கு மடங்கு ஏறிவிட்டது. மறுபுறம், நீர் தாங்குவது அப்படியே இருந்து லூப்ரிசின் மட்டும் போனாலும் உராய்வு ஏறும். இரண்டு நோய்களும் தொடக்கத்தில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். வளைவு இல்லாமல் இவற்றைப் பிரிக்கவே முடியாது.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"இந்த மூட்டின் உராய்வு என்ன?" என்பது கேள்வி ஆகாது. "இந்த மோதல் காயத்துக்குப் பிறகு குருத்தெலும்பு நீரழுத்தத்தைத் தக்கவைக்கிறதா?" என்பது கேள்வி. "இந்த மூட்டுத் திரவம் இன்னும் மசகாக வேலை செய்கிறதா?" என்பதும் கேள்விதான். முதலாவதற்கு நேரம் சார்ந்த சோதனை தேவை. இரண்டாவதற்கு நீரழுத்தத்தை வேண்டுமென்றே வடியவிட்ட சோதனை தேவை. இரண்டுக்கும் கருவியும் வேறு, காத்திருக்கும் நேரமும் வேறு. இந்த ஒரு வரியை எழுதாமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால், பிறகு கிடைக்கும் தரவு எதற்கும் பதில் சொல்லாது.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

பழைய கருவி ஊசல். மூட்டையே தாங்குபுள்ளியாக வைத்து ஓர் ஊசலைத் தொங்கவிட்டு ஆட்டி, வீச்சு எப்படிக் குறைகிறது என்று பார்ப்பது. முழு மூட்டு, இயல்பான வடிவம், இயல்பான சுமை என்று எல்லாம் அப்படியே இருப்பதால் இன்றும் இது பயனுள்ளதுதான். கணக்கும் எளிது:

உராய்வுக் குணகம் = (ஊசல் நீளம் × ஒரு சுற்றுக்கு வீச்சுக் குறைவு) ÷ (4 × மூட்டின் ஆரம்)

இங்கே வீச்சை ரேடியனில் போட வேண்டும். ஊசல் நீளம் என்பது மூட்டின் மையத்திலிருந்து எடையின் மையம் வரை. இடுப்பு மூட்டின் பந்து ஆரம் 24 மி.மீ., நீளம் 600 மி.மீ., ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு 0.05 டிகிரி, அதாவது 0.00087 ரேடியன் குறைகிறது என்றால், குணகம் சுமார் 0.0054. வீச்சு நேர்கோட்டில் குறைந்தால் உராய்வு வேகத்தைச் சாராதது. வளைந்து, மெல்ல மெல்லக் குறைந்தால் பாகுத்தன்மையின் பங்கு இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு, வரலாற்றிலேயே பெரியவர்கள் விழுந்த பொறி. 1930-களில் ஜோன்ஸ் ஊசலால் அளந்தபோது வளைந்த குறைவு கிடைத்தது. திரவப் படலம்தான் காரணம் என்று முடிவு கட்டினார். சார்ன்லி பின்னர் தசைநார்களை வெட்டி நீக்கிவிட்டு அளந்தார், நேர்கோடு கிடைத்தது. அந்த வளைவுக்குக் காரணம் மூட்டைச் சுற்றியிருந்த மென்திசு என்றார். ஆகவே ஊசலில் வைக்கும் முன் மூட்டுறை, தசைநார் எல்லாவற்றையும் நீக்குங்கள்; அல்லது அவற்றின் பங்கைத் தனியாக அளந்து கழித்துவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நேர்கோடு வந்துவிட்டதாலேயே மேற்பரப்பு மூலக்கூறுகள்தான் காரணம் என்று நிரூபணமாகிவிடாது. உள்நீர் சுமை தாங்கும்போதும் உராய்வு வேகத்தைப் பெரிதாகச் சாராது.

இரண்டாவது கருவி, முன்னும் பின்னும் சறுக்கும் தட்டு. சிறு துண்டை ஊசிபோல் பிடித்து, கண்ணாடியின் மேலோ இன்னொரு குருத்தெலும்பின் மேலோ ஓடவிடுவது. எங்கும் அதிகமாகப் புழங்குவது இதுதான். மூன்றாவது, சுழற்சி: ஒரு வளையத் துண்டை இன்னொரு துண்டின் மேல் அழுத்தித் திருப்பி, முறுக்குவிசையை அளப்பது. மேற்பரப்பு மசகை மட்டும் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொடும் பரப்பு மாறுவதே இல்லை, மெதுவாகத் திருப்பலாம், நீரழுத்தம் முழுவதும் வடியக் காத்திருக்கலாம். வளையத்தின் வெளி ஆரம் 3.2 மி.மீ., உள் ஆரம் 1.5 மி.மீ. என்றால், முறுக்குவிசையை வகுக்க வேண்டிய பயனுறு ஆரம் 2.45 மி.மீ. (இரண்டு ஆரங்களின் மும்மடி வித்தியாசத்தை இருமடி வித்தியாசத்தால் வகுத்து, மூன்றில் இரண்டால் பெருக்குங்கள்.)

தட்டுக் கருவியில் பலர் கவனிக்காத ஒரு விஷயம்: தொடும் இடம் நகர்கிறதா, நகரவில்லையா? சிறிய துண்டு பெரிய கண்ணாடியில் ஓடினால், துண்டின் அதே பகுதிதான் எப்போதும் அழுந்திக் கிடக்கும். நீர் வடிந்துகொண்டே போகும். பெரிய குருத்தெலும்புப் பரப்பின் மேல் ஒரு சிறு கோளம் ஓடினால், ஒவ்வொரு இடமும் ஒரு கணம் மட்டுமே அழுந்தி மீள்கிறது. குருத்தெலும்பின் விறைப்பு சுமார் 0.5 மெகாபாஸ்கல், அதை நீர் ஊடுருவும் தன்மையோடு பெருக்கினால், நொடிக்கு ஏறத்தாழ 0.0005 சதுர மி.மீ. என்று வரும். நொடிக்கு 1 மி.மீ. வேகமும் 1 மி.மீ. தொடு அகலமும் வைத்தால், தொடுபுள்ளி நகர்வது நீர் தப்பியோடுவதைப் போல 2000 மடங்கு வேகம். நீருக்குத் தப்ப நேரமே இல்லை. ஆகவே உராய்வு தாழ்ந்தே கிடக்கும். உடலில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். அதனால் சிறு துண்டைக் கண்ணாடியில் ஓட்டிக் கிடைத்த 0.25-ஐ எடுத்துக்கொண்டு "நோயாளியின் முழங்காலில் உராய்வு 0.25" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படி 3: துண்டை எடுப்பதும் சேதத்தைப் பதிவு செய்வதும்

மூட்டைத் திறந்த நிமிடத்திலிருந்து பரப்பு காயத் தொடங்குகிறது. உப்புநீரில் நனைத்த துணியால் மூடியபடியே வேலை செய்யுங்கள். பஃபர் உப்புநீரில் (அமிலத்தன்மை மாறாத உப்புநீர்) புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்து சேர்த்துக்கொள்வது நல்லது. உடனே அளக்க முடியாவிட்டால் உறைய வைக்கலாம், ஆனால் ஒருமுறைதான். உருக்கி, மறுபடி உறைய வைத்து, மறுபடி உருக்கியதை அளக்காதீர்கள். மனிதத் திசுவென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒப்புதல் படிவமும் முதலில். கத்தி அதற்கு அப்புறம்தான்.

துண்டை எலும்போடு சேர்த்து எடுங்கள். எலும்பு இல்லாத துண்டு கீழிருந்தும் நீரை இழக்கும், வளைவே மாறிவிடும். வெட்டும் முன் ஊசியால் பரப்பில் மெல்லக் குத்தி இந்திய மை வைத்துப் பாருங்கள். வட்டமாகக் குத்தினாலும் கீறல் நீளவாட்டில் பிளக்கும். 1898-இல் ஹுல்ட்கிராண்ட்ஸ் விவரித்த இந்தக் கோடுகள் கொலாஜன் என்னும் நார்ப்புரத இழைகளின் திசையைக் காட்டுபவை. சறுக்கும் திசைக்கும் இந்தக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை எழுதிவையுங்கள். வெடிப்பு உள்ள பரப்பில் இது இன்னும் முக்கியம். வெடிப்பின் வாட்டத்தில் ஓடுவதும் குறுக்கே ஓடுவதும் ஒன்றல்ல; குறுக்கே போகும்போது வெடிப்பின் உதடுகள் புரண்டு மடிவதை நுண்நோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம். குத்திப் பார்ப்பதை அளக்கப் போகும் இடத்துக்கு வெளியே செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சேதத்தைக் கண்ணால் பார்த்து "நடுத்தரம்" என்று எழுதுவது போதாது. 1961-இல் அவுட்டர்பிரிட்ஜ் வகுத்த தரவரிசையோ, பன்னாட்டுக் குருத்தெலும்புச் சீரமைப்புச் சங்கத்தின் (ஐசிஆர்எஸ்) 0 முதல் 4 வரையிலான தரவரிசையோ, ஏதாவது ஒன்றைக் கடைசி வரை பின்பற்றுங்கள். தரத்தைக் குறிப்பவருக்கு எந்தத் துண்டு எந்தக் குழு என்று தெரியக்கூடாது. தடிமனையும் அளந்துவிடுங்கள்: சோதனை முடிந்த பின் ஊசியை மெல்ல இறக்கி, பரப்பைத் தொட்ட இடத்துக்கும் எலும்பில் முட்டிய இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்ப்பதே போதுமானது.

சேதத்தை நீங்களே உருவாக்கப் போகிறீர்கள் என்றால், எந்த அடுக்கை உடைக்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். எடையை விழவிட்டால் வெடிப்பும் செல் இறப்பும் வரும். கான்ட்ராய்டினேஸ் நொதி, நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான் மூலக்கூறுகளை எடுத்துவிடும். துண்டு மென்மையாகும், நீர் எளிதில் வடியும். கொலாஜனேஸ் நொதி கொலாஜன் வலையையே அறுக்கும். செறிவான உப்புநீர், 1.5 மோலார் அளவில், பரப்பில் ஒட்டியிருக்கும் லூப்ரிசினைக் கழுவி எடுக்கும். அடியிலுள்ள திசு பெரிதாகக் கெடாது. இந்தக் கடைசி முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு காரணத்தை மட்டும் நீக்கிப் பார்க்க முடிகிறதே!

படி 4: மூட்டுத் திரவம்

ஆரோக்கியமான முழங்காலில் சில மி.லி. திரவம்தான் இருக்கும். அதில் ஹயலுரானிக் அமிலம் மி.லி.க்கு 1 முதல் 4 மில்லிகிராம். மூலக்கூறு எடை பல பத்து லட்சம் டால்டன். லூப்ரிசின் மைக்ரோகிராம் கணக்கில். வீக்கமுள்ள மூட்டில் திரவம் பெருகி நீர்த்துப்போகும், ஹயலுரானிக் அமிலச் சங்கிலிகள் துண்டாகும், வெள்ளணுக்கள் உமிழும் நொதிகள் லூப்ரிசினை வெட்டும்.

திரவத்தின் பாகுநிலையை ரியோமீட்டரில் 37 டிகிரியில், பல வேகங்களில் அளந்து வைப்பது வழக்கம். அளவெடுங்கள், ஆனால் அதையே மசகுத் திறன் என்று எண்ணிவிடாதீர்கள். 1968-இல் லின், ரேடின் இருவரும் செய்த சோதனை இதற்கு நல்ல பாடம். ஹயலுரானிக் அமிலத்தை அறுக்கும் ஹயலுரானிடேஸ் நொதியைச் சேர்த்துத் திரவத்தின் பாகுநிலையைக் கெடுத்தபோது மசகு கெடவில்லை. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் சேர்த்தபோதுதான் கெட்டது. கையில் தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும் திரவம் நல்ல மசகு என்று கட்டாயமில்லை; நீர்த்த திரவம் கெட்ட மசகு என்றும் கட்டாயமில்லை. லூப்ரிசினை உருவாக்கும் மரபணு பிறவியிலேயே செயலிழந்த குழந்தைகளுக்கு, வீக்க நோய் எதுவும் இல்லாமலே இளம் வயதில் மூட்டுகள் கெடுகின்றன. அந்த மரபணுத் தொடர்பு 1999-இல் வெளியானது. உராய்வைப் பற்றிப் படிக்கும்போது இந்தக் குழந்தைகளை நான் மறப்பதில்லை.

எடுத்த திரவத்தைச் செல்கள் நீங்கும்படி மையவிலக்கி, சிறு சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஊசியில் எடுக்கும்போது ரத்தம் கலந்தால் குறித்துவையுங்கள். உப்புநீரால் மூட்டைக் கழுவி எடுத்திருந்தால் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதும் வேண்டும்.

படி 5: கருவியைச் சரிபார்ப்பது

இந்தப் படியைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடக்கிறார்கள். நானும் கடந்திருக்கிறேன், ஒரு மாத வேலை அதனால் வீணானது.

முதலில் சென்சாரின் நுட்பம். 20 நியூட்டன் சுமை, உராய்வுக் குணகம் 0.005 என்றால், நீங்கள் அளக்கப் போகும் விசை 0.1 நியூட்டன். அதை ஐந்து சதவீதத் துல்லியத்தில் படிக்க வேண்டுமானால், 0.005 நியூட்டனைப் பிரித்தறியும் சென்சார் வேண்டும். செங்குத்துச் சுமைக்குப் பயன்படும் கனமான சென்சாரையே கிடைமட்டத்துக்கும் மாட்டினால், நீங்கள் அளப்பது இரைச்சலை.

அடுத்து சாய்வு. தட்டு அரை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள், கண்ணுக்குத் தெரியாது. அரை டிகிரியின் சாய்வு 0.0087. செங்குத்துச் சுமையின் அந்தப் பங்கு நேராக உராய்வுச் சென்சாரில் வந்து விழும். உண்மையான குணகம் 0.010 என்றால், முன்னோக்கி ஓடும்போது 0.0187 காட்டும். பின்னோக்கி ஓடும்போது உராய்வும் சாய்வும் எதிரெதிராகி, எதிர்த்திசையில் 0.0013 மட்டும் காட்டும். ஒரு திசையை மட்டும் படிப்பவர் தன் அளவீட்டை இரு மடங்காகவோ, கிட்டத்தட்ட பூஜ்யமாகவோ எழுதிவைப்பார். இரண்டு திசையையும் படித்து, குறியோடு சேர்த்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இரண்டால் வகுத்தால், 0.0187-உம் 0.0013-உம் சேர்ந்து 0.020, அதில் பாதி 0.010. சரியான விடை. எனக்கு வீணான அந்த ஒரு மாதத் தரவில் முன்னோக்கிய ஓட்டம் மட்டுமே பதிவாகியிருந்தது. பின்னோக்கிய ஓட்டத்தைச் சேமிக்கும் கட்டளையை யாரோ அணைத்திருந்தார்கள், நான் பார்க்கவில்லை. சேதமான துண்டுகள் வளைந்திருப்பதால் இந்தப் பிழை அவற்றில் இன்னும் பெரிதாகிறது. பரப்பு சமமாக இல்லாத இடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இந்தக் கழித்தலைத் தனித்தனியே செய்யுங்கள். முழு ஓட்டத்தின் சராசரியில் செய்வது போதாது.

அப்புறம், ஒரு கப்பியின் மேல் நூலைவிட்டு, தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டு, கிடைமட்டச் சென்சாரைச் சரிபாருங்கள். சோதனைக்கு முன்பும் பின்பும் சுமையில்லாமல் பூஜ்யத்தைப் படியுங்கள். நகர்ந்திருந்தால் அந்த ஓட்டத்தை ஒதுக்குங்கள். மணிக்கணக்கில் ஓடும் சோதனையில் தொட்டி நீர் ஆவியாகி உப்பின் செறிவு ஏறும், மூடி போடுங்கள்.

படி 6: ஓட்டம்

துண்டை உப்புநீரில் ஊறவிட்டு, வீங்கி நிலைபெறக் காத்திருங்கள். பிறகு தொடும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்: மிகச் சிறு சுமை தெரியும் வரை மெல்ல இறக்கி, அந்த இடத்தைப் பூஜ்யமாக வையுங்கள்.

நீரழுத்தத்தைப் பார்ப்பதுதான் உங்கள் கேள்வி என்றால், சுமையை ஒரு நொடிக்குள் ஏற்றி, அந்தக் கணமே சறுக்கத் தொடங்குங்கள். நொடிக்கு 1 மி.மீ. போதும். முதல் சுற்றிலிருந்தே பதிவு ஓட வேண்டும், நொடிக்கு 100 அளவீடுகள். எவ்வளவு நேரம் ஓடவிடுவது? துண்டின் ஆரத்தை இருமடியாக்கி, மேலே சொன்ன 0.0005-ஆல் வகுங்கள். 2 மி.மீ. ஆரத்துக்கு 8000 நொடி, இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இது அளவின் படிநிலையை மட்டும் சொல்லும் கணக்கு; ஆனால் பத்து நிமிடத்தில் நிறுத்தினால் வளைவின் அடிவாரம் மட்டுமே கிடைக்கும் என்பதற்கு இது போதும். சேதமான திசுவில் நீர் வேகமாக வடிவதால் இந்த நேரம் குறையும். அந்தக் குறைவுதான் நீங்கள் தேடி வந்த அளவீடு.

மேற்பரப்பு மசகைப் பார்ப்பதுதான் கேள்வி என்றால், எல்லாம் தலைகீழ். துண்டைத் தடிமனில் 15 முதல் 20 சதவீதம் வரை அழுத்தி, சுமை குறைந்து சமநிலைக்கு வரும் வரை, ஒரு மணி நேரமாவது, அசையாமல் விடுங்கள். நீரழுத்தம் வடிந்த பிறகு, நொடிக்கு 0.3 மி.மீ. போன்ற மெதுவான வேகத்தில் திருப்புங்கள். திருப்பும் முன் 1, 10, 100, 1000 நொடிகள் என்று வெவ்வேறு நேரம் நிறுத்திவைத்துப் பாருங்கள். நகரத் தொடங்கும் கணத்தில் விசை ஒரு கூம்புபோல் எழுந்து பிறகு தணியும். அந்தக் கூம்புதான் நிலை உராய்வு. தணிந்த பகுதி இயக்க உராய்வு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். மசகு கெட்ட பரப்பில் நிறுத்தும் நேரம் கூடக் கூடக் கூம்பு வேகமாக உயரும். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும் மூட்டுக்கு மிக நெருக்கமான அளவு இதுதான் என்பது என் எண்ணம்.

படி 7: திரவங்களை எந்த வரிசையில் மாற்றுவது

ஒரே துண்டை முதலில் உப்புநீரில், பிறகு சோதிக்கும் திரவத்தில், கடைசியில் நல்ல மூட்டுத் திரவத்தில் ஓட்டுங்கள். வரிசையை மாற்றக்கூடாது. நல்ல திரவத்தில் லூப்ரிசின் பரப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டால், அதற்குப் பிறகு உப்புநீரில் ஓட்டினாலும் அது பழைய உப்புநீர் ஓட்டமாக இருக்காது. ஒவ்வொரு திரவத்திலும் துண்டை இரவு முழுவதும் குளிரறையில் ஊறவிடுவது நல்லது.

இந்த வரிசையின் பலன் என்னவென்றால், பதில் தானாகப் பிரிந்து வருகிறது. உப்புநீரில் 0.25, நோயாளியின் திரவத்தில் 0.12, நல்ல திரவத்தில் 0.03 என்று வந்தால், பரப்பு இன்னும் மசகை ஏற்கும் நிலையில் இருக்கிறது, குறை திரவத்தில். நல்ல திரவத்திலும் 0.12-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், லூப்ரிசின் ஒட்டிக்கொள்ளப் பரப்பே இல்லை, அல்லது கரடுமுரடு மேலோங்கிவிட்டது. முதல் மூட்டுக்கு ஊசி மூலம் மசகு செலுத்துவதில் அர்த்தம் இருக்கலாம். இரண்டாவதற்கு அதே ஊசியால் என்ன பயன் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

படி 8: வேகத்தை மாற்றிப் பார்ப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நொடிக்கு 0.1 மி.மீ. முதல் 100 மி.மீ. வரை வேகத்தை மாற்றி, உராய்வைக் குறித்தால் கிடைப்பது ஸ்ட்ரைபெக் வளைவு. வேகம் கூடக் கூட உராய்வு இறங்கினால் திரவத்தின் பங்கு வருகிறது என்று பொருள். ஆனால் குருத்தெலும்பில் வேகம் கூடும்போது இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்கின்றன: படலமும் உருவாகலாம், வடிந்த நீரும் மறுபடி உள்ளே தள்ளப்படலாம். குவிந்த பெரிய துண்டின் ஓரத்தில் ஆப்புபோல் நுழையும் நீர், நிறுத்திவைத்தபோது இழந்த தடிமனையே மீட்டுத் தருவதை 2010-களில் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே வேகச் சோதனையில் தடிமன் மாற்றத்தையும் கூடவே பதிவு செய்யுங்கள். தடிமன் மீண்டால் நீரேற்றம். மீளாமலே உராய்வு குறைந்தால் படலம்.

படி 9: வளைவைப் படிப்பது

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: தொடக்கக் குணகம், சமநிலைக் குணகம், நடுவழியில் பாதி உயரம் ஏற எடுத்த நேரம். தொடக்கம் தாழ்ந்து, சமநிலை வழக்கம்போல் இருந்து, நேரம் மட்டும் குறைந்தால், உள்திசு மென்மையாகி நீர் கசிகிறது; பரப்பு இன்னும் தாங்குகிறது. நேரம் மாறாமல் சமநிலை மட்டும் உயர்ந்தால், மேற்பரப்பு மூலக்கூறுகள் போய்விட்டன. தொடக்கமே உயர்ந்தால், நீர் சுமை தாங்கவே இல்லை: வெடிப்பு ஆழமானது, அல்லது எலும்பு வெளியே வந்துவிட்டது. மூன்றும் கலந்து வரும் துண்டுகளும் உண்டு. அவற்றில் எது முதலில் கெட்டது என்று வளைவை மட்டும் வைத்துச் சொல்ல முயலாதீர்கள்.

எண்ணிக்கையில் ஓர் எச்சரிக்கை. ஒரே முழங்காலிலிருந்து எடுத்த எட்டுத் துண்டுகள் எட்டு மாதிரிகள் அல்ல, ஒரு மாதிரிதான். புள்ளிவிவரத்தில் கணக்கிட வேண்டியது எத்தனை உயிர்களிடமிருந்து எடுத்தீர்கள் என்பதை. அதே விலங்கின் இடது, வலது மூட்டுகளை ஒன்றைச் சேதப்படுத்தி, மற்றொன்றை அப்படியே வைத்து ஒப்பிடுவது குறைந்த எண்ணிக்கையிலும் தெளிவான விடை தரும்.

படி 10: மறுபடியும் பரப்பைப் பாருங்கள்

ஓட்டம் முடிந்ததும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உராய்வு குறைவு என்பதால் தேய்மானமும் குறைவு என்று ஆகிவிடாது. சார்ன்லியே இதற்குச் சாட்சி. உராய்வு மிகக் குறைவு என்பதற்காக 1950-களின் இறுதியில் செயற்கை இடுப்பு மூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள்கள் சுற்றுத் திசுவைக் கெடுத்தன. 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். அதற்கு உராய்வு சற்றுக் கூடுதல், தேய்மானமோ மிகக் குறைவு.

ஆகவே சோதனை முடிந்த துண்டின் மேல் நீர்த்த இந்திய மையைத் தடவி, உப்புநீரால் அலசுங்கள். சிதையாத பரப்பில் மை நிற்காது. உரிந்த இடத்தில் கருமை தங்கும். சோதனைக்கு முன் எடுத்த படத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். முன்பு இல்லாத கீறல் இப்போது சறுக்கிய திசையிலேயே இருந்தால், உங்கள் கருவியே காயத்தை உண்டாக்கியிருக்கிறது. அந்த ஓட்டத்தின் பிற்பகுதி எண்களைச் சேதமான மூட்டின் கணக்கில் எழுதக்கூடாது. தொட்டியில் மிஞ்சிய நீரையும் ஒரு குப்பியில் எடுத்து வையுங்கள். அதில் மிதக்கும் கொலாஜனையும் புரோட்டியோகிளைக்கானையும் வேதிமுறையில் அளந்தால், எவ்வளவு தேய்ந்தது என்பதும் கையில் வந்துவிடும்.